டீசல் புல்லட் விக்கணும், என்ன ரேட்டு சொல்றது?

மலங்காட்டுப் பையன்:
வணக்கம்ங்க. எங்க பெரியப்பாவோட டாரஸ் இருக்குங்க, என்ஃபீல்டு கம்பெனியே டீசல் இன்ஜினோட விட்ட புல்லட், 1995-ல புதுசா எடுத்தது. அவரு ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு எஸ்டேட்ல கணக்கு எழுதுற ரைட்டரா இருந்தப்ப மொளகு மூட்டைய பின்னாடி கட்டிகிட்டு 20 கொண்டை ஊசி வளைவும் எறங்கி சேலம் லீ பஜார் வரைக்கும் அதுலதான் வருவாரு. அப்புறம் முட்டி போய் கிக் அடிக்க முடியாம எட்டு வருசம் கோழிக்கூட்டுக்குப் பக்கத்துலயே கெடந்துச்சு. போன வருசம் நான் எடுத்து இன்ஜின் பிரிச்சு ரிங், வால்வு, நோசில் எல்லாம் மாத்தி, டேங்குல துருவ எடுத்து, மெரூன் கலர் அடிச்சு, தங்கக் கோடு கையாலயே இழுக்க வச்சேன், மொத்தம் 1,40,000 ஆயிடுச்சு. இப்ப வீட்டு வேலை பாதில நிக்குது, விக்கணும். விண்டேஜ் டீசல் பைக்குன்னு போட்டு ரெண்டரை லட்சம் கேக்கலாமா? ஆர்.சி 2020-ல ரினிவல் பண்ணது இருக்கு.

அஞ்சுரோட்டுக்காரன்:
ரெண்டரை லட்சமா? 196 கிலோ வண்டிக்கு 6.5 குதிரை சக்தி. அடிவாரத்துல இருந்து ஏறுனா மேல போறதுக்குள்ள பின்னாடி வந்த டவுன் பஸ் ஏற்காடு போய் டீ குடிச்சிட்டு திரும்பி வந்துரும். 😄

சொக்கட்டான்:
மேல சொன்னவர விடுங்க, அது ஓட்டறதுக்கு வாங்கற வண்டி இல்ல. ஆனா தம்பி, விண்டேஜ்ங்கற வார்த்தைய மொதல்ல எடுத்துருங்க, 2021-ல வந்த ரூல்படி முதல் பதிவாகி 50 வருசத்துக்கு மேல ஆனாத்தான் விண்டேஜ், உங்களுது முப்பதுதான். தெரிஞ்ச ஆளு அந்த ஒரு வார்த்தையப் பாத்தே ஒதுங்கிருவான். அடுத்தது, 1995 வண்டின்னா 2010-ல 15 வருசம் முடிஞ்சு அதுல இருந்து அஞ்சஞ்சு வருசமா ரினிவல், 2020-ல பண்ணது 2025-லயே முடிஞ்சிருக்குமே? பழைய வண்டிக்குக் கட்டற கிரீன் டேக்சும் பாருங்க.

எல்லாத்தையும் விட முக்கியம், ஆர்.சி-ல எரிபொருள்னு இருக்கற எடத்துல டீசல்னு இருக்கா? பெட்ரோல் புல்லட்ல டீசல் இன்ஜினத் தூக்கி வச்ச வண்டி நெறைய சுத்துது, ஆர்.சி-ல மாத்தாம அப்படி ஓட்டறது சட்டப்படி தப்பு, பாத்தா சட்டுனு வித்தியாசமும் தெரியாது. கம்பெனி டாரஸ்னு காட்டணும்னா இன்ஜின் நம்பர், சேஸ் நம்பர் ரெண்டையும் தொடச்சு கிட்டக்கப் போட்டோ எடுத்து ஆர்.சி-யோட சேத்து போடுங்க. மெரூன் பெயிண்ட்டுக்கு எவனும் காசு தரமாட்டான், அந்த ரெண்டு நம்பருக்குத்தான் தருவான்.

பம்ப் மெக்கானிக்:
நான் செவ்வாய்பேட்டைல டீசல் பம்பு வேலைதான் பாக்கறேன். 325 சிசி, பிளக்கும் கிடையாது காயிலும் கிடையாது, காத்த அமுக்குற சூட்டுலயே டீசல் பத்திக்கும். அதனால அந்த அமுக்கம், அதான் கம்ப்ரஷன், கொறஞ்சா இந்த இன்ஜின் காலைல எந்திரிக்காது, சூடா இருந்தா மட்டும் ஸ்டார்ட் ஆகும். வண்டி பாக்க வர்ற விவரமான ஆளு மொத வேலையா பின் பக்கமா வந்து இன்ஜின தொட்டுப் பாப்பான், சூடா இருந்துச்சுன்னா "ஏற்கனவே ஓட்டி வச்சிருக்கான்"னு மனசுக்குள்ள அம்பதாயிரம் கொறச்சிருவான். அதனால முந்தின நாள் ராத்திரியில இருந்து தொடாதீங்க. வர்றவரையே அந்த அமுக்கத்த வெளிய விடுற டிகம்ப்ரஷன் லீவர புடிக்கச் சொல்லி கிக்கர மெதுவா சுத்தவிட்டு, லீவர விட்டுட்டு ஒரே உதை உதைக்கச் சொல்லுங்க. இன்னொன்னு, டேங்குல டீசல் சுத்தமா தீர விட்றாதீங்க, லைன்ல ஏர் புடிச்சா வந்த ஆளு முன்னாடி ஸ்பேனரோட உக்காந்து காத்து எடுத்துட்டு இருக்கணும், பொழப்பு சிரிப்பா சிரிக்கும்.

கொண்டலாம்பட்டி:
பேர் மாத்தாம வண்டியக் குடுத்துடாதீங்க. நான் ஒரு பழைய பைக்க தெரிஞ்ச பையன்தானேன்னு பேர் மாத்தற ஃபாரம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்தேன், அவன் அத டேங்க் கவர்லயே வச்சுட்டு ஏழு மாசம் ஓட்டி ஒருத்தர் மேல இடிச்சுட்டான், இன்சூரன்சும் இல்ல, நோட்டீஸ் என் வீட்டுக்கு வருது. கோர்ட்டுல ஆர்.சி-ல யார் பேரு இருக்கோ அவங்கதான் ஓனர், 2018-ல சுப்ரீம் கோர்ட்டே சொன்னது. வித்த 14 நாளுக்குள்ள நீங்களே ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிச்சுருங்க. வேற மாநிலத்துக்காரர்னா ஃபாரம் 28-ல என்.ஓ.சி, அதான் தடையில்லாச் சான்று, வாங்கணும். டெல்லிப் பக்கம் 10 வருசம் தாண்டுன டீசல்னாலே தகராறு, அங்க இருந்து கேட்டா யோசிங்க.

மலங்காட்டுப் பையன்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஆர்.சி எடுத்துப் பாத்தேன், டீசல்னுதான் இருக்கு, ரெண்டு நம்பரும் சரியா இருக்கு. ஆனா கலர்ல கருப்புன்னு இருக்கு, நான் பாட்டுக்கு மெரூன் அடிச்சு வச்சிருக்கேன். 🤦 அதையும் ரினிவலையும் முடிச்சிட்டு, விண்டேஜ எடுத்துட்டு 1,90,000-னு போடலாம்னு இருக்கேன்.

சொக்கட்டான்:
ரேட்டு பரவால்ல. பழைய கருப்புப் பெயிண்ட் டேங்குக்கு அடில எங்கயாச்சும் மிச்சம் இருந்தா அதையும் ஒரு போட்டோ போடுங்க.

மலங்காட்டுப் பையன்:
டூல் பாக்ஸ் மூடிக்கு உள்ள இருக்குங்க. பெரியப்பா ஆணில கீறி எழுதுன டீசல் கணக்கு கூட அப்படியே இருக்கு, அத மட்டும் பெயிண்டருகிட்ட தொட வேணாம்னுட்டேன். மூடிய மட்டும் கழட்டிக் குடுன்னு இப்ப பெரியப்பா கேக்கறாரு.

பம்ப் மெக்கானிக்:
குடுத்துருங்க. வேற மூடி நான் தேடித் தர்றேன்.