புதுப்பிப்பு: அப்பச்சியின் கால் பலவீனத்துக்குக் காரணம் தெரிந்தது

ஃப்ளூ காய்ச்சல் விட்டுப் பத்து நாள் கழித்து அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) கால் மரத்து, படியேற முடியவில்லை என்று மூன்று வாரம் முன்பு எழுதியிருந்தேன். இங்கே காரைக்குடியில் “வயசுதான்” என்று சத்து மாத்திரை கொடுத்தார்கள். இரண்டே நாளில் பலவீனம் கைக்கும் ஏறியது. மதுரைக்கு ஓடினோம்.

கில்லன்-பாரே சிண்ட்ரோம். வைரஸை எதிர்க்கக் கிளம்பிய நோய் எதிர்ப்பு சக்தி, சொந்த நரம்புகளின் மேலுறையையே தாக்கிவிடுகிறது. முதுகுத்தண்டு நீரில் புரதம் கூடியிருந்தது, செல்கள் இயல்பு; இந்த நோயின் அடையாளம் அதுதானாம். இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் புரதம்) ஐந்து நாள் ஏற்றினார்கள். ஸ்டீராய்டு இதற்குப் பலன் தராதாம். மூச்சுத் தசை வரை பரவினால் வென்டிலேட்டர்தான் என்றார்கள். அந்த இரவுகளில் நான் தூங்கவே இல்லை. நல்லவேளை, பரவவில்லை.

நேற்று வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) தூணைப் பிடித்தபடி பத்து அடி நடந்தார். ஆத்தா அழுதுவிட்டார்கள். “காத்திருக்காதே, நரம்பியல் டாக்டரிடம் போ” என்று எழுதியவர்களுக்குக் கோடி நன்றி.