வேட்பாளர் தேர்வை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

அம்மாப்பேட்டை தறிக்காரர் மகன்:
2016 பிப்ரவரி 1. கம்பெனி வேலையாக அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்தேன். ஜனநாயகக் கட்சியின் காகஸ், அதாவது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஊர்க்காரர்கள் கூடும் கூட்டம், நடந்த பள்ளிக்கூடத்துக்குப் பார்வையாளனாகப் போனேன். ஹிலாரி ஆட்கள் ஒரு மூலை, சாண்டர்ஸ் ஆட்கள் எதிர்மூலை. மூன்றாவதாகப் போட்டியிட்ட ஓமாலிக்கு ஏழெட்டுப் பேர்தான். வந்தவர்களில் 15 சதவீதம் தேறாததால் அவர்கள் கலைந்து வேறு பக்கம் சேர வேண்டியதாயிற்று. அதில் ஒரு பெரியவர் நடுக்கூடத்திலேயே நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். மருத்துவச் செலவு பற்றி அவர் கேட்க, ஒரு காலேஜ் பெண் பொறுமையாகப் பதில் சொல்கிறாள். என் அப்பா முப்பது வருடம் கட்சிக்கொடி கட்டியவர். வேட்பாளர் யாரென்று ஒவ்வொரு முறையும் டீக்கடைப் பேப்பரில்தான் தெரிந்துகொண்டார்.

நாகலூர் மிளகுத்தோட்டம்:
எங்கள் ஏற்காடு பழங்குடியினர் தனித்தொகுதி. சித்தப்பா பணம் கட்டி விருப்ப மனு கொடுத்தார். சென்னையில் நேர்காணல், துணைக்கு நானும் போனேன். மலைக்கிராம ரோடு, காபி விலை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். மூன்றே நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். “எவ்வளவு செலவு பண்ணுவீங்கன்னு கேட்டாங்க, கண்ணு” என்றார். திரும்பும்போது 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடியும்வரை அந்த நோட்டு அவர் மடியிலேயே இருந்தது.

சங்ககிரி லாரிப்பட்டறை:
அம்மாப்பேட்டை அண்ணா, நீங்கள் பார்த்தது காகஸ். அதைக் கட்சியே நடத்தும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அங்கே இன்னொரு வழியும் உண்டு, பிரைமரி. அதைப் பெரும்பாலும் மாநில அரசு நடத்தும், ரகசிய வாக்குப்பதிவு. மூலையில் போய் நிற்பது நம் ஊரில் நடக்காது. ஒன்றியச் செயலாளர் பார்த்துக்கொண்டிருக்க, எதிர்மூலையில் எவன் நிற்பான்? ரகசிய ஓட்டுதான் வேண்டும்.

அதுவும் போதாது. 2014இல் காங்கிரஸ் சில மக்களவைத் தொகுதிகளில் இப்படி உட்கட்சித் தேர்தல் வைத்துப் பார்த்தது. வடோதராவில் ஜெயித்தவர், மோடி அங்கே நிற்கிறார் என்றதும் விலகிக்கொண்டார், மதுசூதன் மிஸ்திரி நின்றார். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தேர்தல் அதிகாரிக்குக் கொடுக்கும் பி பாரத்தில் தலைமையின் கையெழுத்து இருந்தால்தான் சின்னம். உறுப்பினர் பட்டியல் சுத்தமாக இல்லையென்றால் ஓட்டு வைத்தும் பயனில்லை, காசுள்ளவன் ராத்திரியோடு ராத்திரியாக ஆயிரம் பேரைச் சேர்த்துவிடுவான். நாகலூர் தம்பி, சித்தப்பாவை முதலில் கிளைக்கழகப் பட்டியலை வாங்கிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஊர் ஊராகக் கையெழுத்து வாங்கி மனுவோடு வைக்கட்டும். நானும் ஒருமுறை வார்டுக்கு மனு கொடுத்தேன், கூப்பிடவே இல்லை.

நாகலூர் மிளகுத்தோட்டம்:
நன்றி அண்ணா. சித்தப்பா இனி மனு கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.