கடற்கரையில் 'புரியவில்லை' என்று சொல்ல முடிந்தது, இங்கே ஏன் முடியவில்லை?

ஈரமணல்:

வணக்கம். வெளிநாட்டில் முதுநிலைப் புள்ளியியல் படிக்கிறேன். வந்து ஏழு மாதம் ஆகிறது. கேள்வியை மட்டும் எழுதினால் அரைகுறையாக இருக்கும் என்பதால், நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யாராவது வேகமாகப் பேசி எனக்குப் பாதி புரியாமல் போனால், புரிந்ததுபோல் தலையாட்டிவிடுவேன். இங்கே வந்த முதல் வாரத்தில் தொடங்கிய பழக்கம் இது. வங்கியில், நூலகத்தில், விடுதிச் சமையலறையில் என்று எல்லா இடத்திலும் அப்படித்தான். மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். பரீட்சை எழுதித் தேறிய மொழிதான். ஆனால் பரீட்சையில் யாரும் இத்தனை வேகமாக, வார்த்தைகளை விழுங்கிப் பேசவில்லை.

இதற்கு ஒருமுறை பெரிய விலை கொடுத்தேன். ஒரு சிகிச்சையைப் பற்றிய தரவை வைத்து ஆய்வு செய்கிறேன். விடுபட்ட மதிப்புகள் உள்ள வரிசைகளை நீக்காமல் வைத்துக்கொள்ளும்படி என் வழிகாட்டி சொல்லியிருக்கிறார். என் காதில் 'நீக்கிவிடு' என்று விழுந்தது. சந்தேகமாகத்தான் இருந்தது, ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து வேலை பார்த்தேன். எங்கள் தரவில் நோய் முற்றியவர்கள்தான் அடுத்தடுத்த பரிசோதனைகளுக்கு வராமல் நின்றுபோனவர்கள். அவர்களை நீக்கியதால் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் ஓரளவு நலமானவர்கள். சிகிச்சை இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதாக முடிவு வந்தது. வழிகாட்டி கோபப்படவில்லை. "அன்றைக்கே ஏன் கேட்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, கடற்கரைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான்கு பேராகப் போவதாக இருந்தது. இரண்டு பேருக்குத் திங்கள்கிழமை ஒப்படைப்பு, ஒருத்திக்குக் காய்ச்சல். அறையிலேயே இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம், ஏழு மாதத்தில் வகுப்பையும் விடுதியையும் தவிர எதையும் பார்க்கவில்லையே என்று தோன்றியது. தனியாகக் கிளம்பிவிட்டேன். இரண்டு பேருந்து மாறி, இரண்டே முக்கால் மணி நேரப் பயணம்.

நான் போன நேரம் கடல் வற்றியிருந்தது. ஈரமணல் வெகுதூரம் பளபளவென்று விரிந்து கிடந்தது. சிவப்பும் மஞ்சளுமாக இரண்டு கொடிகள், அவற்றுக்கு நடுவில் நிறையப் பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அலை பெரிதாக அடித்தது. எனக்கு நீச்சல் தெரியாது. கொஞ்சம் தள்ளி அலையே இல்லாத, அமைதியான ஓர் இடம் தெரிந்தது. அங்கே நடந்தேன். எதிரே வந்த லைஃப்கார்டு கையை நீட்டி ஏதோ சொன்னார். 'அந்தப் பக்கம்' என்பது மட்டும் புரிந்தது. தலையாட்டினேன். இன்னொரு கேள்வி கேட்டார். அதற்கும் தலையாட்டினேன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. காலுக்கடியில் மணல் சரிந்து போவது தெரிந்தது. திரும்பி ஓர் அடி வைத்தேன், வைத்த இடத்திலேயே நின்றேன். இன்னோர் அடி வைத்தபோது தண்ணீர் மார்பு வரை வந்துவிட்டது. கரை ஒன்றும் தூரமில்லை, ஒருவருடைய துண்டில் இருந்த கோடுகள்கூடத் தெரிந்தன. விசில் சத்தம் கேட்டது. அவர் பலகையோடு வந்து சேர்ந்தபோது என் கால் தரையில் இல்லை.

கரையில் போர்வையைச் சுற்றி உட்கார வைத்தார். நிதானமாகக் கேட்டார்: "நான் முதலில் சொன்னது உனக்குப் புரிந்ததா?" கழுத்து தானாகவே அசையத் தொடங்கியது. நிறுத்தினேன். "இல்லை. எனக்கு எதுவும் புரியவில்லை" என்றேன். ஏழு மாதத்தில் அந்த வாக்கியத்தை அதுதான் முதல்முறை வாய்விட்டுச் சொல்கிறேன்.

அவர் ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்து காட்டினார். கடலுக்குள் கரைக்கு இணையாக ஒரு மணல்திட்டு. அலைகள் அதன்மேல் உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. அவ்வளவு தண்ணீரும் திரும்பிப் போக வழி வேண்டும். திட்டில் எங்கே இடைவெளி இருக்கிறதோ அதன் வழியாக ஆறுபோலப் பாய்ந்து வெளியேறுகிறது. அதுதான் ரிப் கரண்ட். அந்த இடைவெளி ஆழமானது என்பதால் அலை அங்கே உடைவதில்லை. நான் அமைதி என்று நினைத்து இறங்கிய இடம் அதுதான். இரண்டு முறை "புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கேட்டேன். மூன்றாவது முறை வரைந்தபோது புரிந்தது. நான் தலையாட்டியபோதே அவருக்குச் சந்தேகமாம், அதனால்தான் என்மேல் ஒரு கண் வைத்திருந்தாராம்.

அதற்குப் பிறகு மாலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பார்க்கக் கற்றுக்கொண்ட பின் கடல் வேறு மாதிரித் தெரிந்தது. மற்ற இடங்களில் வெள்ளையாக நுரை, நடுவில் ஒரு பட்டை மட்டும் இருண்டு கிடந்தது. அதில் மிதந்த பாசி மெல்ல மெல்ல உள்ளே போனது. ஓதம் ஏறி, அவர் வரைந்த படம் கரைந்தது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனை இலேசாக நான் இங்கே ஒருநாளும் இருந்ததில்லை. திரும்பும் வழியில் ஓட்டுநரிடம் நிறுத்தத்தின் பெயரை மூன்று முறை கேட்டேன். திங்கள்கிழமை வகுப்பில் இரண்டு முறை கை தூக்கினேன்.

இப்போது நான்கு வாரம் ஆகிறது. போன வியாழக்கிழமை வழிகாட்டியுடன் சந்திப்பு. மாதிரியில் எதையோ மாற்றச் சொன்னார். புரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். கதவை மூடிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது.

என் கேள்வி இதுதான். பயணத்தில் கிடைத்த மாற்றம் இப்படித்தான் வடிந்துவிடுமா? உங்களுக்கு நேர்ந்ததா? அதை எப்படிப் பிடித்து வைத்தீர்கள்? இன்னொன்று: அம்மாவிடம் "கடற்கரை நன்றாக இருந்தது" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். முழுவதையும் சொல்ல வேண்டுமா?

அலைக்காவல்:

தங்கச்சி, முதலில் நீங்கள் பத்திரமாக வந்தீர்களே, அதுவே பெரிய நிம்மதி. நான் சில வருடம் கடற்கரை மீட்புக் குழுவில் தன்னார்வலராக இருந்தவன். இதைப் படிக்கும் மற்ற மாணவர்களுக்காகவும் சில விஷயங்களைச் சேர்க்கிறேன்.

ரிப் கரண்ட் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியேதான் கொண்டுபோகும். அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகிறவர்கள்தான் மூழ்குகிறார்கள். வழக்கமாக அதன் வேகம் நொடிக்கு அரை மீட்டர் அளவுதான். ஆனால் நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் அளந்திருக்கிறார்கள். ஒலிம்பிக் நீச்சல்காரரும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதக்க வேண்டும், ஒரு கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்கள் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம். சிவப்பு மஞ்சள் கொடி என்றால் 'இந்த இரண்டுக்கும் நடுவில் குளி, இங்கே கண்காணிப்பு இருக்கிறது' என்று பொருள். பல நாடுகளில் இதே கொடிதான். முழுச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. அலை இல்லாத இடம் பாதுகாப்பானது என்று நினைத்து இறங்கியவர்களை நானே பலமுறை கூட்டி வந்திருக்கிறேன், உள்ளூர்க்காரர்கள் உட்பட.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எங்கள் குழுவில் ஒருவர் ஒரு தகவல் சொன்னால், கேட்டவர் 'சரி' என்று சொல்ல அனுமதி இல்லை. கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். விமானிகளும் தரைக்கட்டுப்பாட்டில் இருந்து வரும் உத்தரவைத் திருப்பிச் சொல்லித்தான் உறுதி செய்கிறார்கள். 'புரியவில்லை' என்று சொல்லத் தைரியம் வராத நாளிலும், 'அப்படியென்றால் நான் இதைச் செய்ய வேண்டும், அப்படித்தானே?' என்று கேட்க முடியும். தவறாகப் புரிந்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் இரண்டு வார வேலை இந்த ஒரு வாக்கியத்தில் மிச்சமாகியிருக்கும்.

அப்புறம், நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். முதலில் மிதக்க. இதை அண்ணனாகச் சொல்கிறேன்.

சாளரம்:

ஈரமணல், பதினாறு வருடத்துக்கு முன் நானும் உங்களைப்போல வெளிநாட்டில் படிக்க வந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறேன். மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

கிடைத்தது வடிந்துவிட்டது என்று நீங்கள் நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடற்கரையில் உங்களிடம் கேட்டவர் யார்? இனி வாழ்நாளில் பார்க்கப்போகாத ஒருவர். அவரிடம் 'புரியவில்லை' என்று சொன்னதால் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை. வழிகாட்டி அப்படியா? உங்கள் ஆய்வேட்டைப் படிப்பவர் அவர், நாளைக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகிறவரும் அவர். ஏற்கெனவே ஒரு தவறு அவர் கண்ணில் பட்டுவிட்டது என்ற கூச்சமும் உங்களுக்குள் இருக்கிறது. இவற்றில் ஒன்றும் அந்த மணலில் இல்லை. நீங்கள் முதலில் எளிய இடத்தில் செய்து பார்த்திருக்கிறீர்கள். இது அதைவிடக் கடினமான இடம். அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை கதவை மூடியதுமே உங்களுக்கு உறைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் முறை அது உறைக்க இரண்டு வாரம் ஆனது. அந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து கவனியுங்கள்.

ஆசிரியராக ஒன்று சொல்கிறேன். மாணவர் தலையாட்டினால் எனக்கு எந்தத் தகவலும் கிடைப்பதில்லை. எங்கே இடறுகிறார் என்று தெரிந்தால்தானே வேறு மாதிரி சொல்லிப் பார்க்க முடியும்? உங்கள் லைஃப்கார்டு மூன்று முறை வரைந்தார். எனக்குத் தெரிந்த நல்ல வழிகாட்டிகள் பலர் ஐந்து முறை வரையவும் தயங்க மாட்டார்கள்.

செய்யக்கூடியது ஒன்று. சந்திப்பு முடிந்த அன்றே நான்கைந்து வரியில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: 'இன்று பேசியதில் இருந்து நான் செய்ய வேண்டியவை என்று புரிந்துகொண்டது இவை. தவறு இருந்தால் திருத்துங்கள்.' எழுதும்போது நீங்கள் நிதானமாக யோசிக்கலாம். போன வியாழக்கிழமைக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை, இப்போதே எழுதலாம். முடிந்தால் சந்திப்பைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இன்னொரு மொழியைக் கேட்டுக்கொண்டே இருந்தால் மாலைக்குள் காது களைத்துப்போகும். நான் முதல் வருடம் முழுக்க அதை என் முட்டாள்தனம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். அது வெறும் களைப்புதான்.

தொலைபேசி மகள்:

அம்மா விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் படிக்கும்போது ஒரு விபத்தில் மணிக்கட்டு முறிந்தது. வீட்டில் சொல்லவில்லை, வீடியோ அழைப்பில் கையை மறைத்தே பேசினேன். ஒரு வருடம் கழித்து யார் மூலமாகவோ அம்மாவுக்குத் தெரிந்தது. முறிவுக்காக அவர் அழவில்லை. "இன்னும் எதையெல்லாம் மறைச்சிருக்கே?" என்று கேட்டுத்தான் அழுதார். அதன்பிறகு நான் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னால் அவர் நம்பவே வெகுநாள் ஆனது. சொல்லிவிடுங்கள். நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டு, அந்தச் செய்தியோடு சேர்த்துச் சொன்னால் அவருக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

ஈரமணல்:

மூவருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் இரண்டு முறை படித்தேன்.

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த அன்றே வழிகாட்டிக்கு மின்னஞ்சல் போட்டேன். நான்கு வரி எழுத ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாவது வரி தவறு என்று ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது, கூடவே ஒரு படம் வரைந்து அனுப்பியிருந்தார். நேற்றுச் சந்திப்பில், அண்ணா சொன்னதுபோல அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். முதல் முறை தவறாகத்தான் சொன்னேன். அவர் பேனாவை எடுத்து மறுபடி விளக்கினார். சந்திப்பை இனிமேல் காலை பத்து மணிக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகக் குளத்தில் தொடக்கநிலை நீச்சல் வகுப்பு செவ்வாய்தோறும் நடக்கிறது. நேற்றுப் பெயர் கொடுத்தேன். முதல் நான்கு வகுப்பும் மிதக்க மட்டும்தானாம்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு அந்த லைஃப்கார்டுக்கு நன்றி சொன்னேனா என்று கேட்டார். சொன்னேன் என்றேன். அவர் மணலில் வரைந்ததை ஒரு தாளில் வரைந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். இடைவெளி எந்தப் பக்கம் என்று புரியவில்லையாம், இன்று இரவு மறுபடி விளக்க வேண்டும்.