ஜனவரி பனியில ஹிமாலயன்ல யானைக் கூட்டத்துக்குப் போகலாமா?

ஒரகடத்தான் (மியூனிக்):

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஸ்ரீபெரும்புதூர், நாலு வருஷமா மியூனிக். இங்க தியரி, பிராக்டிகல்னு லைசென்ஸை முதல்ல இருந்து எடுத்ததுல பர்ஸ் காலி. ஆனாலும் ஆசை விடல. போன மே மாசம் ஒரு பழைய ராயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 411 பைக் வாங்கினேன். நம்ம வீட்டுல இருந்து பஸ் ஏறினா அரைமணி நேரத்துல வர்ற ஃபேக்டரியில செஞ்ச வண்டியை ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய் வாங்கியிருக்கியேடான்னு அப்பா இன்னும் சிரிக்கிறார்.

விஷயத்துக்கு வர்றேன். ஆபீஸ்ல ஒரு பெரியவர் 'எலிஃபான்டென்ட்ரெஃபன்' பத்திச் சொன்னார். யானைச் சந்திப்புன்னு அர்த்தமாம். பவேரியக் காட்டுல துர்மான்ஸ்பாங் ஊருக்குப் பக்கத்துல சோல்லான்னு ஒரு குக்கிராமம். ஜனவரி கடைசியில ஆயிரக்கணக்கான பேர் பைக்ல வந்து பனி மேல கூடாரம் போட்டுப் படுக்கறாங்களாம். எங்க வீட்டுல இருந்து சுமார் 180 கி.மீ.தான். கேட்டதுல இருந்து மண்டைக்குள்ள அதே ஓடுது.

என்கிட்ட இருக்கிறது: வண்டியோட வந்த டயர், கோடைக்கால ஸ்லீப்பிங் பேக், ஒராள் கூடாரம், மழைக்கோட்டு. 2019 ஜூன்ல மணாலி–லே போயிருக்கேன், அதனால குளிர் தெரியாத ஆள் இல்ல. டயர் மாத்தணுமா? ராத்திரி தாங்குமா? போய்ட்டு வந்தவங்க யாராவது இருக்கீங்களா? வீட்டம்மா "போய்ட்டு வா, இன்சூரன்ஸ் பேப்பர் எந்த ஃபைல்ல இருக்குன்னு மட்டும் சொல்லிட்டுப் போ"ன்னுட்டா.

சைடுகார் சித்தப்பா (ரீகன்ஸ்பர்க்):

தம்பி, முதல்ல கீழ இறங்கிப் போய் உன் நம்பர் பிளேட்டைப் பாரு. வலது ஓரத்துல மேல ஒரு எண், கீழ ஒரு எண், நடுவுல ஒரு கோடு இருக்கா? 03, 10ன்னு இருந்தா மார்ச்ல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் அந்த வண்டிக்கு உயிர். மத்த மாசத்துல ரோட்ல ஓட்டவும் கூடாது, ரோட்டோரமா நிறுத்தவும் கூடாது. இங்க பழைய பைக் வாங்கறவங்க பாதிப் பேர் இதைக் கவனிக்கறதே இல்ல. வருஷம் முழுக்க ஓட்டற பிளேட்டா மாத்தலாம், ஆனா இன்சூரன்ஸ்ல புது உறுதி எண் வாங்கி, பதிவு அலுவலகத்துல நேரம் குறிச்சுப் போகணும்.

ரெண்டாவது, லே கதையை மறந்துடு. ஜூன் மாசத்து லேல மூச்சு வாங்கும். ஜனவரி பவேரியால விரல் செத்துப்போகும். பூஜ்யம் டிகிரில 80 கி.மீ. வேகத்துல போனா காத்தும் சேர்ந்து உடம்புக்கு மைனஸ் 10 மாதிரி தெரியும். அதுல ரெண்டு மணி நேரம் உக்காந்திருக்கணும். ஹீட்டட் கிரிப் உள்ளங்கையைத்தான் சுடவைக்கும், புறங்கை விறைச்சுக் கிடக்கும். ஹேண்டில்பார்ல மாட்டற பெரிய உறை விக்கிது, பார்க்க அசிங்கமா நம்ம ஊர் தலகாணி உறை மாதிரி இருக்கும். கூச்சப்படாம வாங்கு. ஹெல்மெட் கண்ணாடி (வைசர்) உள்பக்கம் ஒட்டற பனிமூட்டத் தடுப்புத் தகடும் வேணும், இல்லன்னா பத்தாவது நிமிஷம் குருடன்தான்.

டயர் கேட்டியே. குளிர்கால டயர் சட்டத்துல இருந்து ரெண்டு சக்கர வண்டிக்கு 2017-ல விலக்கு குடுத்துட்டாங்க. ஆனா பனியோ ஐஸோ இருந்தா 50-க்கு மேல போகக்கூடாது, பயணம் தேவைதானான்னு கிளம்பறதுக்கு முன்னாடி யோசிக்கணும்னு அதே சட்டம் சொல்லுது. (யானைக் கூட்டத்துக்குப் போறது தேவையான்னு போலீஸ்காரர் கேட்டா என்ன சொல்றதுன்னு நானும் இருபது வருஷமா யோசிக்கறேன்.) ஆட்டோபான்ல பயம் இல்ல, உப்பு போட்டு வெச்சிருப்பான். டெக்கன்டார்ஃப் தாண்டி ஏ3-ஐ விட்டு இறங்கி, காட்டுக்குள்ள ஏறற ரோடுதான் பரீட்சை. மரநிழல் விழற வளைவுல வெயிலே படாது, மத்தியானத்துலயும் கண்ணாடி மாதிரி ஐஸ் கிடக்கும். ஒரு கியர் மேல வெச்சு, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீரா பிடிச்சுக்கிட்டு, முன் பிரேக்கைத் தொடாம உருட்டணும். ஏபிஎஸ் இருக்குன்னு தைரியப்படாதே. அது சக்கரம் பூட்டாம பாத்துக்கும்; இல்லாத பிடிப்பை எங்கிருந்து கொண்டுவரும்?

நான் விழுந்தது அங்கயும் இல்ல. கூட்டம் நடக்கற பள்ளத்தாக்குக்கு 'சூனியக்காரி கொப்பரை'ன்னு பேரு, உண்மையிலேயே கொப்பரை மாதிரி குழிஞ்சு கிடக்கும். அதுக்குள்ள இறங்கற சரிவுல, நடக்கற வேகத்துல, எல்லாரும் பார்க்கப் பொத்துன்னு சாய்ஞ்சேன். சைடு பெட்டி தெறிச்சு முன்னாடி ஓடிருச்சு. நாலு பேர் வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினாங்க, அஞ்சாவது ஆள் பெட்டியைத் தூக்கிட்டு வந்து கையில பீரைத் திணிச்சான். அன்னிக்கு ராத்திரியே வண்டி திரும்பவும் விழுந்துச்சு. பனியில சைடு ஸ்டாண்டு மெல்ல மெல்லப் புதைஞ்சுக்கிட்டே போகும்னு எனக்குத் தெரியல. இப்ப வீட்டுல தேஞ்சுபோன பூரிக்கட்டைப் பலகையை ஸ்டாண்டுக்கு அடியில வைக்கறதுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன்.

ராத்திரியில குளிர் மேல இருந்து வராது, கீழ இருந்துதான் வரும். வாசல்லயே வைக்கோல் கட்டு விப்பாங்க, விறகும் விப்பாங்க. வைக்கோலை முழங்கால் உசரம் பரப்பி, அது மேல கூடாரம், அதுக்குள்ள ரெண்டு ஃபோம் பாய். உன் கோடைக்காலப் பையைத் தூக்கி அலமாரியில போடு. புதுசா வாங்கும்போது பையில எத்தனை டிகிரி வரைக்கும் தாங்கும்னு ரெண்டு மூணு எண் போட்டிருப்பான், அதுல 'சௌகரியம்'னு போட்டதை மட்டும் நம்பு. இருக்கறதுலயே குறைஞ்ச எண் 'சாகமாட்டே'ங்கற அர்த்தத்துல போட்டது. பூட்ஸோட உள்ளுறை, போன், ரெண்டையும் பைக்குள்ளயே வெச்சுக்கோ.

யானைன்னு ஏன் பேருன்னு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. ட்சுண்டாப் கம்பெனி 1950-கள்ல கேஎஸ் 601-ன்னு ஒரு பெரிய வண்டி விட்டான், 600 சிசி-க்குக் கிட்ட, பக்கத்துல ஆள் உக்கார்ற சைடுகாரை மாட்டி இழுக்கறதுக்குன்னே பொறந்தது. பச்சை நிறத்துல வந்ததால 'பச்சை யானை'ன்னு பட்டப்பேர். அந்த வண்டிக்காரங்களை எர்ன்ஸ்ட் லெவர்குஸ்னு ஒரு பத்திரிகைக்காரர் 1956 ஜனவரியில ஸ்டுட்கார்ட் பக்கத்துல சோலிட்யூட் ரேஸ் பாதைகிட்ட கூட்டினார். அப்புறம் கூட்டம் நியூர்பர்க்ரிங்குக்குப் போய்ப் பெருத்து, 1989-ல இருந்து இந்தக் காட்டுல நடக்குது. பச்சை யானை இப்பவும் ஒண்ணு ரெண்டு வரும். வந்தா கேட்காமயே தெரியும், சுத்தி முப்பது பேர் முட்டி போட்டு இன்ஜினைப் பார்த்துட்டு இருப்பாங்க.

போ தம்பி, வேண்டாம்னு சொல்லல. ஆனா முதல்ல ஒரு ராத்திரி உன் வீட்டு பால்கனியில, மைனஸ் 5 அடிக்கும்போது, இதே பை, இதே பாயில படுத்துப் பாரு. விடிஞ்சப்புறம் போகணும்னு தோணுச்சுன்னா கிளம்பு.

சாப்பாட்டுக்கு ரசப்பொடி எடுத்துக்கோ. முதல் வருஷம் நான் வெந்நீர்ல ரசப்பொடியைக் கரைச்சுக் குடிச்சிட்டு இருந்தேன். பக்கத்துக் கூடாரத்துல இருந்து தாடியெல்லாம் பனி உறைஞ்ச ஒரு போலந்துப் பெரியவர் மோப்பம் பிடிச்சு வந்து, மருந்தான்னு சைகையில கேட்டார். ஆமான்னு தலையாட்டி ஒரு டம்ளர் குடுத்தேன். மிளகு தொண்டையில இறங்கினதும் கண்ணை மூடிக்கிட்டு அப்படியே நின்னார். தாடியில இருந்து தண்ணி சொட்டுச்சு. காலையில எழுந்து பார்த்தா அவரோட விறகுல பாதி என் கூடார வாசல்ல அடுக்கியிருக்கு.

மழைக்கோட்டு (நியூரம்பெர்க்):

சித்தப்பா ரசம் ஊத்தியே ஆளைக் கவுத்துடுவார். நான் கொஞ்சம் தண்ணி தெளிக்கிறேன். ஒரகடத்தான், நீங்க அங்க தங்கியே ஆகணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. நான் ரெண்டு வருஷம் முன்னாடி டெக்கன்டார்ஃப்ல ரூம் போட்டேன். சனிக்கிழமை வெயில் வந்தப்புறம் ஏறினேன், இருட்டறதுக்குள்ள இறங்கிட்டேன். எந்தக் குறையும் இல்ல. விறகுப் புகை, சாஸேஜ் வாசனை, வெஸ்பாவுல இத்தாலியில இருந்து வந்த ரெண்டு பசங்க, சோபாவையே சைடுகாரா மாட்டிட்டு வந்த ஒருத்தர், எல்லாம் பார்த்தாச்சு.

தங்கறது பெருமைன்னு பேசற ஆம்பளைங்க யாரும் கழிப்பறையைப் பத்தி எழுத மாட்டாங்க. பிளாஸ்டிக் பெட்டிக் கழிப்பறைதான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறு அடுக்கு உடுப்பைக் கழட்டி அதுக்குள்ள நிக்கணும். எனக்கு அது ஒண்ணே போதுமானதா இருந்துச்சு.

இன்னொண்ணு, திரும்பி வந்த அன்னிக்கே வண்டியைக் கழுவுங்க. பச்சைத் தண்ணியில, வெந்நீர் வேண்டாம், உப்பு இன்னும் வேகமா அரிக்கும். நான் 'நாளைக்குப் பார்த்துக்கலாம்'னு பத்து நாள் விட்டேன். செயின் துருப்பிடிச்சு, ஸ்போக் எல்லாம் வெள்ளை பூத்துப்போச்சு.

பருத்தித்துறைப் பெடியன் (சென்ட் காலன், சுவிஸ்):

தம்பி, நான் ரெண்டு தரம் போய் வந்தனான். அண்ணை எல்லாம் சரியாத்தான் சொல்லியிருக்கிறார், அடுப்பை மட்டும் விட்டிட்டார். கடையில மலிவா விக்கிற பியூட்டேன் காஸ் டின்னைக் கொண்டு போகாதேங்கோ. பூச்சியத்துக்குக் கீழ அது ஆவியாகாது, டின் நிறையக் காஸ் இருக்கும், அடுப்பு எரியாது. புரோப்பேன் கலந்த குளிர்கால காஸ் வாங்குங்கோ, இல்லாட்டி பெற்றோல் அடுப்பு. பெற்றோல் எண்டால் வண்டித் தாங்கியிலயே கிடக்குதுதானே.

ஆனா எவ்வளவு விறைச்சாலும் கூடாரத்துக்குள்ள அடுப்போ கரியோ கொளுத்த வேண்டாம். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்லை, நித்திரையிலயே ஆள் முடிஞ்சுது. குடிச்சுப்போட்டு நெருப்புக்குப் பக்கத்தில படுக்கிறதும் வேண்டாம், குடிச்சால் சூடு வாற மாதிரித்தான் இருக்கும், உடம்புச் சூடு வெளிய போய்க்கொண்டிருக்கும்.

மழைக்கோட்டு அக்கா சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, ஆனா சனி இரவு நிக்கிறது நல்லது. இருட்டினாப் பிறகு தீப்பந்தம் பிடிச்சுக்கொண்டு ஒரு ஊர்வலம் போகும், வண்டியில செத்துப்போன ஆக்களை நினைச்சு. பகல் முழுக்கக் கத்தின சனம் அப்ப ஒரு சத்தமும் போடாது, பனியில சப்பாத்து நெரியுறது மட்டும்தான் கேக்கும். என்ர கூட்டாளி ஒருத்தன் கிளவுசன் கணவாயில போய்ச் சேர்ந்தவன். அவனுக்காண்டி நானும் ஒண்டு பிடிச்சனான். மெழுகு ஒழுகி இடது கையுறையில விழுந்து காய்ஞ்சு போச்சு. இன்னும் சுரண்டேல்லை.

ஒரகடத்தான் (மியூனிக்):

எல்லாருக்கும் நன்றி. கீழ போய்ப் பார்த்தேன். 03, கோடு, 10. வித்தவர் சொல்லல, நானும் கேட்கல. அதைவிடக் கொடுமை, நவம்பர்ல இருந்து தெருவோரமாத்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். இப்பவே தள்ளிட்டுப் போய் நண்பரோட கராஜ்ல விட்டுட்டு வர்றேன்.

பதிவு அலுவலகத்துல கிடைச்ச நேரம் பிப்ரவரி பத்தாம் தேதிக்கு. ஆக இந்த வருஷம் ஹிமாலயன் வராது. நேத்து பால்கனியில மட்டும் படுத்துப் பார்த்தேன், மைனஸ் 3. ஒண்ணேகால் மணிக்கு உள்ள வந்துட்டேன். வீட்டம்மா எதுவும் கேட்கல, போர்வையை மட்டும் நகர்த்தினா.

சைடுகார் சித்தப்பா (ரீகன்ஸ்பர்க்):

ஒண்ணேகால் வரைக்கும் தாங்கினியே, நான் முதல் தடவை பதினொண்ணு.

வெள்ளிக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு ரீகன்ஸ்பர்க் ஸ்டேஷன் வாசல்ல நில்லு. என் யூரல் பைக்கோட சைடுகார்ல ஒரு சீட் காலி. கால் வைக்கற இடத்துல விறகு இருக்கும், மடியில ஃபோம் பாய் இருக்கும், அசையக்கூட முடியாது, இப்பவே சொல்லிட்டேன். பை என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. ஹெல்மெட்டும் ரசப்பொடியும் நீ கொண்டுவா. பொடியில மிளகு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும், போலந்துக்காரர் இந்த வருஷமும் வர்றாராம்.