எல்லையோரத்துக்காரர்களே, "நீங்கள் யார்?" என்று உங்களைக் கேட்டவர்கள் உண்டா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் தமிழர் வாழும் எங்கள் சித்தூர் தாலுகாவைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவின் கண்ணைக் காட்டக் கோவைக்குப் போயிருந்தோம். சீட்டு எழுதியவர் முகவரியில் பாலக்காட்டைப் பார்த்ததும், "மலையாளியா? தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே!" என்றார். பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவள் அம்மா. முந்தின வாரம்தான் பாலக்காட்டு அலுவலகம் ஒன்றில் அவளைப் "பாண்டிக்காரி" என்று, தமிழரை இளக்காரமாகச் சொல்லும் சொல்லால், சொன்னது காதில் விழுந்திருந்தது. சீட்டு எழுதியவருக்கு அவள் பதில் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த தமிழ் அறிவிப்பை, மங்கிய கண்ணோடு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்க வாசித்தாள்.

களியக்காவிளையிலிருந்து:
எங்கள் பாட்டி திருவிதாங்கூரில் பிறந்தவள். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாறசாலையில் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா கேரளத்துக்காரி ஆகிவிட்டாள். அந்த அக்கா இறந்த அன்று, தமிழ் தெரியாத பேரப்பிள்ளைகளுக்குப் பாட்டி மலையாளத்திலேயே ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு உடலருகே குனிந்து, "அக்கா, நான் வந்திருக்கிறேன்" என்றாள். அது மட்டும் தமிழ்.

நகரியிலிருந்து:
முதலில் எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை. சீட்டு எழுதியவர் பாராட்டித்தான் சொல்லியிருப்பார். அதற்குக் கோபம் எதற்கு? 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திரத்தில் தங்கினோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துப் போனால், என் மகன் "அரோகரா" என்று கூவிவிட்டு என்னிடம் தெலுங்கில் தண்ணீர் கேட்கிறான். பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இங்கே எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுங்கள். பேச்சு மட்டும் இருந்தால் அடுத்த தலைமுறையில் நின்றுவிடும். அரசியல் சாசனத்தின் 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்பிக்கப் போதிய வசதி செய்யச் சொல்கிறது. நாலைந்து பெற்றோர் சேர்ந்து எழுத்து மூலம் கேளுங்கள். வாயால் கேட்டதற்கு யாரும் பதில் தர மாட்டார்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த மாநில மொழியையும் முழுதாகப் படிக்க வையுங்கள். அதை விடுவது பிழைப்பை விடுவது.

மீண்டும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
நகரி அண்ணா, அம்மா கோபப்பட்டதாக நான் எழுதவில்லை. வாசித்து முடித்தபோது என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது. அதைச் சொல்லத்தான் எழுத வந்தேன்.