பாரிட்டி டிஸ்கில் எழுதும் வேகம் ரொம்பக் குறைவு, ரெய்டு 5-க்கு மாறலாமா?

ஸ்டூடியோ_சிப்புட்
வணக்கம். மலேசியா சுங்கை சிப்புட்டில் கல்யாணம், கோயில் திருவிழா வீடியோ எடுக்கிறேன். பழைய கணினியில் அன்ரெய்டு (பல டிஸ்குகளைச் சேர்த்துச் சேமிப்பு சர்வராக்கும் மென்பொருள்) போட்டிருக்கிறேன். தரவுக்கு 4 டெராபைட் டிஸ்க் இரண்டு, 3 டெரா ஒன்று. பாரிட்டிக்கு, அதாவது ஒரு டிஸ்க் கெட்டால் அதன் தரவை மீட்க உதவும் கணக்குக்கு, 8 டெரா. படிக்கும்போது நொடிக்கு 150 எம்பி வருகிறது, எழுதினால் 45-ஐத் தாண்டவில்லை. தைப்பூச வீடியோக்களை இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் கேட்கவே வேண்டாம். டிஸ்க் தன் நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் சோதனையில் எல்லா டிஸ்கும் நலம். பாரிட்டி டிஸ்க் கோளாறா?

லயத்துவீடு
தம்பி, பாரிட்டியை ஒரே டிஸ்கில் வைத்தால் இப்படித்தான். ரெய்டு 5 போடுங்க, அதில் தரவும் பாரிட்டியும் எல்லா டிஸ்கிலும் பரவிவிடும்.

பழைய_சர்வர்
அண்ணன் சொன்ன காரணம் சரி, மருந்து சரியில்லை.

ஒரு துண்டை மாற்ற, பழைய தரவையும் பழைய பாரிட்டியையும் முதலில் படிக்க வேண்டும், அப்புறம் இரண்டையும் புதிதாக எழுத வேண்டும். படித்த இடத்திலேயே எழுதத் தட்டு ஒரு முழுச் சுற்று வரணும். நிமிடத்துக்கு 7200 சுற்று டிஸ்கில் அதற்கே 8.3 மில்லிசெகண்ட். எந்த டிஸ்கில் எழுதினாலும் பாரிட்டிக்கு ஒரே டிஸ்க். ஒற்றை நாற்காலி முடிவெட்டும் கடை மாதிரி.

ஆனால் ரெய்டு 5-இல் சின்ன டிஸ்கின் அளவுதான் கணக்கு. உங்கள் நான்கையும் போட்டால் 9 டெரா கிடைக்கும்; இப்போது 11 இருக்கிறது. அங்கே இரண்டு டிஸ்க் சேர்ந்து போனால் மொத்தமும் போச்சு. அன்ரெய்டில் ஒவ்வொரு தரவு டிஸ்கிலும் தனி ஃபைல் சிஸ்டம், மிஞ்சிய டிஸ்கை வேறு லினக்ஸ் கணினியில் மாட்டிப் படிக்கலாம்.

அன்ரெய்டின் டிஸ்க் செட்டிங்ஸில் 'ரீகன்ஸ்ட்ரக்ட் ரைட்' தேர்ந்தெடுங்கள். பழைய பாரிட்டியைத் தொடாமல், மற்ற தரவு டிஸ்குகளைப் படித்துப் புதிதாகக் கணக்கிடும். எல்லா டிஸ்கும் சுற்றும், கரண்ட் பில் கொஞ்சம் ஏறும்.

ஸ்டூடியோ_சிப்புட்
மாற்றினேன், 110 வருகிறது! இரண்டு பேர் ஏற்றினால் மட்டும் இன்னும் திணறல். இங்கே சாயங்காலம் இடி மழை வேறு, நடுவில் கரண்ட் போனால்?

பழைய_சர்வர்
திணறலுக்கு ஒரு எஸ்எஸ்டியை (சுற்றும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) கேஷாக, அதாவது ஃபைல்கள் முதலில் வந்து இறங்கும் இடமாகப் போடுங்கள். ஒற்றை எஸ்எஸ்டி என்றால், அங்கிருந்து டிஸ்குக்குப் போய்ச் சேரும்வரை பாரிட்டி காக்காது. அதுவரை கேமரா கார்டை அழித்துவிடாதீர்கள்.

கரண்ட் போனால் தரவும் பாரிட்டியும் ஒத்துப்போகாமல் நிற்கலாம். மறுபடி ஆன் செய்ததும் பாரிட்டி செக் ஓடும், முடிய விடுங்கள். இன்னொன்று, தவறி அழித்த வீடியோவைப் பாரிட்டி திருப்பித் தராது. அழித்ததும் அதுவும் சேர்ந்து மாறிவிடும். கல்யாண வீடியோவுக்கு வெளியே ஒரு காப்பி கட்டாயம், ஈப்போவில் சொந்தக்காரர் வீட்டிலாவது.

லயத்துவீடு
கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யுபிஎஸ் பேட்டரியும் வாங்குங்க தம்பி. யுஎஸ்பி கேபிள் உள்ளதாப் பாருங்க, பேட்டரி இறங்கினால் கணினி தானே ஒழுங்காக அணையும்.