மறுமொழி: கடல் ஏறி இறங்கும் நிலத்துக்கு என்ன பெயர்?

> கடற்புறம்போக்கு என்றே சொல்லிவிடலாமே. எல்லோருக்கும் உடனே புரியும்.

நண்பர்களுக்கு வணக்கம்.

உடனே புரியும் என்பதில் ஐயமில்லை. அந்தச் சொல் வேண்டாம் என்று நான் கேட்பதற்கும் அதுவே காரணம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நியூசிலாந்தில் ஆங்கிலேய அரசு துறைமுகங்களை எப்படி நிர்வகித்தது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலவுரிமை அதில் என்னவாயிற்று என்பது பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கடல்நீர் ஏறும்போது மூழ்கி, இறங்கும்போது வெளிப்படும் நிலப்பட்டைக்கு ஒரு சொல் வேண்டும். கட்டுரை முழுவதும் அந்தப் பட்டை யாருடையது என்ற வழக்கைப் பற்றியதுதான்.

புறம்போக்கு என்பது சென்னை மாகாண வருவாய்க் கணக்குகளில் வேரூன்றிய சொல். தீர்வை விதிக்கப்படாத நிலம், ஆகவே சர்க்கார் நிலம். மேய்ச்சல் வெளி, ஏரி, பாதை, சுடுகாடு எல்லாம் அந்தக் கணக்கில் போயின. ஊரார் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிய இடம்கூட, பதிவேட்டில் அந்த ஒரு சொல் விழுந்தவுடன் அவர்கள் கையை விட்டுப் போனது. மாவோரிகள் நூறாண்டுகளுக்கு மேலாக வழக்காடிய இடத்தை நாம் புறம்போக்கு என்று எழுதினால், வழக்கு தொடங்கும் முன்பே நம் பேனா அரசுத் தரப்புக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறது. இதை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சொல் எவ்வளவு பாரம் சுமக்க வேண்டும் என்று காட்ட 1870ஆம் ஆண்டு வழக்கைச் சொல்ல வேண்டும். வடதீவில் தேம்ஸ் என்ற ஊர். அதன் முன்னே நீர் வடிந்தால் சேறு வெகுதூரம் பரந்து கிடக்கும். அங்கே மாவோரிகள் தட்டைமீன் பிடித்தார்கள், மட்டி பொறுக்கினார்கள், கழி நட்டு வலை கட்டினார்கள். எந்தப் பகுதி யாருடையது என்று அவர்களுக்குள் தெளிவான எல்லைகள் இருந்தன. 1867இல் அவ்வூரில் தங்கச் சுரங்கம் திறக்கப்பட்டதும் அந்தச் சேற்றுக்கும் விலை வந்துவிட்டது. 1869இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்து, தனியார் யாரும் அந்தக் கரையை மாவோரிகளிடமிருந்து வாங்கக் கூடாது என்று தடுத்தது. மாவோரிகள் பூர்வகுடி நில நீதிமன்றத்துக்குப் போனார்கள். தலைமை நீதிபதி ஃபென்டன் 1870 டிசம்பரில் தீர்ப்பளித்தார். அங்கே மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உரியது என்று ஏற்றுக்கொண்டார். ஆனால் மண்ணின் உரிமையைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் காலனியின் கரைகள் முழுவதற்கும் அதே வாதம் வருமே என்ற கவலையைத் தீர்ப்பிலேயே எழுதினார். 1872இல் ஆளுநர், ஆக்லாந்து மாகாணத்தில் நீர் ஏறும் மட்டத்துக்குக் கீழே உள்ள நிலங்களை அந்த நீதிமன்றம் விசாரிக்கவே கூடாது என்று அறிவிப்பு வெளியிட்டார்.

துறைமுகம் இதில் எங்கே வருகிறது என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். காலனித் துறைமுகங்களில் படகுத்துறைக்கும் கிடங்குக்கும் இந்தப் பட்டையைத்தான் மண் கொட்டி மேடாக்கினார்கள். 1871இல் ஆக்லாந்து துறைமுக வாரியம் அமைந்தது. 1878ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டம், நாடாளுமன்றத்தின் தனிச்சட்டம் இல்லாமல் கரையில் எந்தப் பகுதியையும் யாருக்கும் வழங்கக் கூடாது என்றது. படிப்பதற்குக் கரையைக் காக்கும் விதி போலத் தோன்றும். வழங்கும் அதிகாரம் அரசிடம் இருக்கிறது என்பதை அது கேள்விக்கே இடமில்லாமல் முன்னரே எடுத்துக்கொண்டுவிட்டது.

இனி வந்த பரிந்துரைகள்.

> கடற்கரை போதும்.

போதாது. மணல்மேடு, தென்னந்தோப்பு, மீனவர் குடியிருப்பு எல்லாமே நமக்குக் கடற்கரைதான். வழக்கு அந்த மேட்டைப் பற்றியதில்லை.

> முன்கரை

இது foreshore என்ற ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப்போட்டு ஒட்டியது. எதற்கு முன்? நிலத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம், படகில் வருபவருக்கு வேறு பக்கம். தமிழில் படிப்பவருக்கு நீர் ஏறி இறங்குவது மனத்தில் வரவே வராது.

> அலைவாய்க்கரை

அழகான சொல், கைவிட மனம் வரவில்லை. ஆனாலும் அலை வந்து மோதும் விளிம்பைத்தான் அது காட்டுகிறது. தேம்ஸின் சேற்றுவெளியில் அலை மோதுவதில்லை. நீர் ஓசையில்லாமல் ஏறி, ஓசையில்லாமல் வடிகிறது.

> இலங்கைப் பாடநூல்களில் வற்றுப்பெருக்கு என்கிறோம். வற்றுப்பெருக்கு நிலம் எனலாம்.

வந்தவற்றில் பொருளை மிகச் சரியாகச் சொல்வது இதுதான். வற்றுதல், பெருகுதல் இரண்டும் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நீளம் மட்டுமே தடை. ஒரு பக்கத்தில் பத்து முறை வர வேண்டிய சொல், அதிலும் 'வற்றுப்பெருக்கு நில உரிமைச் சட்டம்' என்று அடுக்க வேண்டி வரும்.

என் முன்மொழிவு ஓதநிலம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கடல் ஏறி இறங்குவது ஓதம். வீட்டுச் சுவரில் ஈரம் ஏறினாலும் ஓதம் என்கிறோம், அந்தப் பொருளும் இங்கே இடையூறாக இல்லை; நாள்தோறும் நனைந்து எழும் நிலம்தானே. ஓதநிலத்தின் மேல் எல்லையை, அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் ஏறும் மட்டத்தின் சராசரி என்று விளக்கிவிடலாம்.

இதற்கு வந்த வலுவான மறுப்பையும் பேச வேண்டும். புறம்போக்கு அரசுக்குச் சாதகம் என்றால், 'நிலம்' என்பது மாவோரிகளுக்குச் சாதகமாகாதா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாவோரி நிலச் சட்டத்தில் உள்ள 'நிலம்' என்ற சொல்லுக்குள் ஓதநிலமும் கடல்தரையும் அடங்குமா என்பதே 2003இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நடந்த வாதங்களில் ஒன்று. மார்ல்பரோ பகுதியின் எட்டு மாவோரி இனக்குழுக்கள் தொடுத்த வழக்கு அது. அடங்கும் என்றார்கள் நீதிபதிகள். துறைமுகச் சட்டங்களின் பொதுவான விதி மாவோரிகளின் வழக்காற்று உரிமையை அழித்துவிடவில்லை என்றும் சொன்னார்கள். 1963ஆம் ஆண்டின் எதிர்மாறான தீர்ப்பு வீழ்ந்தது. மறு ஆண்டே அரசு புதிய சட்டம் இயற்றி எல்லாவற்றையும் தன் உடைமையாக்கிக்கொண்டது. அது மசோதாவாக இருந்தபோதே, அதை எதிர்த்து 2004 மே மாதம் பல்லாயிரம் பேர் வெலிங்டனுக்கு நடந்தார்கள். 2011இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, பொதுக் கடலோரப் பகுதி அரசு உட்பட எவருக்கும் உடைமையாகாது என்று வேறு சட்டம் வந்தது. அதன் பெயரில் தக்குத்தாய் மோஆனா என்ற மாவோரிச் சொல்லும் இருக்கிறது.

ஆனால் தமிழில் நிலம் என்றாலே உடைமை என்று பொருள் இல்லை. நெய்தல் நிலம் என்றால் என்ன? கடலும் கடல் சார்ந்த இடமும். பள்ளிப் பிள்ளைகளும் இதை ஒப்பிப்பார்கள். கடலையே நிலம் என்று வகுத்த மரபு நம்முடையது. பட்டா, கிரயம், தீர்வை எல்லாம் வருவதற்கு முன்பே நிலம் என்ற சொல் அங்கே வாழ்பவரையும் அவர் தொழிலையும் சேர்த்துத்தான் குறித்தது. அந்தப் பொருளில், ஓதநிலம் இரு தரப்பில் எவருக்கும் முன்தீர்ப்பு எழுதவில்லை என்றே நினைக்கிறேன்.

அடுத்து, அதே கட்டுரையில் வரும் வாரிசுரிமை. மாவோரி மரபில் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் நிலத்தில் உரிமை வரும். ஆனால் பிறப்பு மட்டும் போதாது. அங்கே வாழ்ந்து, நெருப்பு மூட்டி, உரிமையை எரிய வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இதற்குப் பெயர் அஹி கா, எரியும் தீ. மூன்று தலைமுறை திரும்பி வராவிட்டால் தீ அணைந்ததாகக் கொள்வார்கள். இதே ஃபென்டன் 1867இல் பாபாகுரா வழக்கில், இறந்தவரின் பங்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் சரிசமமாகப் போகும் என்று முடிவு செய்தார். அங்கே வாழ்கிறார்களா என்பது கணக்கிலேயே இல்லை. அதற்கு முன்பே, 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமைப் பத்திரத்தில் பத்துப் பேர் பெயருக்கு மேல் எழுதாததால், ஹப்பூ எனப்படும் கிளைக்குழுவின் மற்ற உறுப்பினர்கள் நிலமற்றவர்களாகியிருந்தார்கள். ஒரு பக்கம் பலர் பெயர் விடுபட்டது, மறுபக்கம் எஞ்சிய பங்கு தலைமுறைக்குத் தலைமுறை துண்டானது.

அஹி காவுக்கு 'குடியிருப்புரிமை' என்றால் வாடகைக்கு இருப்பவர் நினைவுக்கு வருகிறார். 'அனுபோக பாத்தியதை' நம் பத்திர மொழி. அதில் நெருப்பு அணைந்துவிடுகிறது. முதல் இடத்தில் அஹி கா என்று எழுதி, பிறகு 'எரிதீ உரிமை' என்று தொடரலாம் என்பது என் எண்ணம். அடுப்பெரியாத வீடு என்று நாம் சொல்வதில் உள்ள வலி இதில் கொஞ்சமாவது ஒலிக்கும்.

அலுவலர் பெயர்களில் சிக்கல் ஒன்றுதான். நில நீதிமன்றத்தில் நீதிபதியுடன் மாவோரிப் பெரியவர்களும் அமர்ந்தார்கள். அவர்களை 'மதிப்பீட்டாளர்' என்று ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். அது வரி மதிப்பிடுபவர் ஆகிவிடும். நம் செஷன்ஸ் நீதிமன்றங்களிலும் 1955 வரை நீதிபதிக்கு அருகே அமர்ந்து கருத்துச் சொன்னவர்கள் இருந்தார்கள், அசெசர்கள் என்றே அழைக்கப்பட்டார்கள். அசெசர் என்றே வைத்துக்கொள்ளலாம், அல்லது உடனமர்வோர் எனலாம். எனக்கு இரண்டும் சம்மதம்.

ஓதநிலத்தை உறுதிசெய்யும் முன் ஒன்று கேட்க வேண்டும். பழவேற்காடு, பிச்சாவரம், மன்னார், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் இருப்பவர்கள், நீர் வற்றியபின் நண்டு பிடிக்கவும் மட்டி எடுக்கவும் இறங்கும் அந்த இடத்தை உங்கள் ஊர்ப் பெண்களும் மீனவர்களும் என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்குமானால் நான் ஓதநிலத்தை விட்டுவிடுகிறேன். இம்மாத இறுதி வரை அந்த இடங்களை மொழிபெயர்ப்பில் கோடிட்டே வைத்திருப்பேன்.